மார்ச் 14: ஒரு தேதிக்குள் எத்தனை பேர்

1879-ஆம் ஆண்டு மார்ச் 15 அன்று, தெற்கு ஜெர்மனியில் உள்ள உல்ம் நகரின் பதிவாளர் அலுவலகத்துக்கு ஹெர்மன் ஐன்ஸ்டைன் என்ற வணிகர் வந்தார். முந்தைய நாள் முற்பகல் பதினொன்றரை மணிக்குத் தம் வீட்டில் தம் மனைவி ஓர் ஆண் குழந்தையைப் பெற்றெடுத்தார் என்றும், குழந்தைக்கு ஆல்பர்ட் என்று பெயர் வைத்திருப்பதாகவும் அவர் சொல்ல, பதிவாளர் எழுதிக்கொண்டார். நான்கு ஆண்டுகள் கழித்து, 1883 மார்ச் 14 அன்று, பிற்பகல் மூன்று மணி ஆகக் கால் மணி நேரம் இருக்கையில், லண்டனில் கார்ல் மார்க்ஸ் தம் நாற்காலியில் அமர்ந்தபடியே உயிர் நீத்தார். அந்த நேரம் இவ்வளவு துல்லியமாக நமக்குத் தெரிவதற்குக் காரணம், மூன்று நாள் கழித்து ஹைகேட் கல்லறைத் தோட்டத்தில் ஆற்றிய உரையை எங்கெல்ஸ் அந்த நேரத்தைச் சொல்லியே தொடங்கியதுதான். 2018 மார்ச் 14 அதிகாலையில் கேம்பிரிட்ஜில் ஸ்டீவன் ஹாக்கிங் காலமானார்.

'வரலாற்றில் இன்று' என்ற தலைப்பில் நாள்தோறும் வெளிவரும் பட்டியல்களில் மார்ச் 14-க்கு உரியது பெரும்பாலும் இந்த மூவரைச் சுற்றியே அமையும். படிப்பவர் மனம் உடனே முடிச்சுப் போடத் தொடங்கிவிடுகிறது. சார்பியலைத் தந்தவர் பிறந்த நாளில், அந்தச் சார்பியலைக் கருந்துளையின் விளிம்பு வரை கொண்டுசென்றவர் மறைந்தார். இருவரும் வாழ்ந்தது 76 ஆண்டுகள். அந்த நாளோ 3.14 என்ற எண்ணைத் தன் பெயரிலேயே வைத்திருக்கும் கணித நாள். இதெல்லாம் வெறும் தற்செயல் என்று ஒருவர் சொன்னால் கேட்பவருக்குச் சப்பென்று ஆகிவிடும். தற்செயல்தான் என்பதில் ஐயமில்லை. ஆனால் அந்த ஒரு சொல்லோடு கடந்துவிடுவதும் சோம்பல்தான்; ஏனெனில் ஒரு தேதியின் கீழ் வந்து சேரும் நிகழ்வுகள் எல்லாம் ஒரே வழியில் வந்து சேர்ந்தவை அல்ல. சில தாமாக வந்து விழுந்தவை. சில, யாரோ ஒருவர் நாள் பார்த்து வைத்தவை. இன்னும் சில, நாட்காட்டியோ கடிகாரமோ வேறு மாதிரி ஓடியிருந்தால் பக்கத்துத் தேதிக்குப் போயிருக்க வேண்டியவை. எது எந்த வழியில் வந்தது என்று பிரித்துப் பார்த்தால்தான் இத்தகைய பட்டியலில் இருந்து ஏதேனும் தெரிந்துகொள்ள முடியும் என்பது என் எண்ணம்.

முதலில் தாமாக வந்து விழுந்தவை. மார்ச் 14-இல் பிறந்தவர்களில் அறிவியலாளர்களை மட்டும் எடுத்துக்கொண்டாலும் கூட்டம் குறைவில்லை. செவ்வாய்க் கோளில் 1877-இல் நீண்ட கோடுகளைக் கண்டதாக அறிவித்து, மொழிபெயர்ப்பில் அவை 'கால்வாய்கள்' ஆகிவிட்டதால் தாம் சொல்லாத ஒரு நாகரிகத்துக்கும் பொறுப்பேற்க நேர்ந்த இத்தாலிய வானியலாளர் ஜியோவன்னி ஷியாபரெல்லி (1835), நோய்க்கிருமியைத் தேடிச் சென்று தாக்கும் மருந்து என்ற கருத்தை வளர்த்து 1908-இல் நோபல் பரிசு பெற்ற பால் எர்லிச் (1854), வானிலையை இயற்பியல் சமன்பாடுகளால் கணிக்கலாம் என்று காட்டிய நார்வேக்காரர் வில்ஹெல்ம் பியர்க்னஸ் (1862), போலந்துக் கணிதவியலாளர் வாட்ஸ்வாஃப் சியர்பின்ஸ்கி (1882) ஆகியோர் அவர்களில் சிலர். விண்வெளிப் பயணத்தின் பக்கம் திரும்பினால் இன்னும் வியப்பு. 1968 டிசம்பரில் நிலவை முதன்முதலாகச் சுற்றிவந்த அப்போலோ 8 குழுவின் தலைவர் பிராங்க் போர்மன் 1928 மார்ச் 14-இல் பிறந்தவர். 1972 டிசம்பரில் நிலவின் தரையில் இருந்து கடைசியாகக் கால் எடுத்த யூஜின் செர்னன் 1934 மார்ச் 14-இல் பிறந்தவர். மனிதரின் முதல் நிலவுப் பயணத்துக்குத் தலைமை தாங்கியவருக்கும் அந்த வரிசையை முடித்துவைத்தவருக்கும் ஒரே பிறந்தநாள் என்பது, என்னைக் கேட்டால், ஐன்ஸ்டைன், ஹாக்கிங் பொருத்தத்தைவிட அழகானது. ஆயினும் அதைப் பற்றிப் பேசுவோர் குறைவு.

இப்போது இந்த வியப்பைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். ஓர் அறையில் எத்தனை பேர் இருந்தால், அவர்களில் யாரேனும் இருவருக்கு ஒரே பிறந்தநாள் இருப்பதற்கான வாய்ப்பு பாதிக்கு மேல் போகும் என்று கேட்டால், 365-இல் பாதி என்று எண்ணி 180-க்குப் பக்கத்தில் ஓர் எண்ணைச் சொல்பவர்களே அதிகம். சரியான விடை 23. காரணம் எளியது: நாம் தேடுவது ஒரு குறிப்பிட்ட தேதியை அல்ல, ஏதேனும் ஒரு பொருத்தத்தை. 23 பேரை இருவர் இருவராகச் சேர்த்துப் பார்த்தால் 253 இணைகள் கிடைக்கின்றன. ஒவ்வோர் இணைக்கும் 365-இல் ஒன்று என்ற சிறு வாய்ப்பு இருந்தாலும், 253 முறை சீட்டுக் குலுக்கினால் ஒரு முறையாவது விழுவதற்கான வாய்ப்பு ஏறத்தாழ 50 விழுக்காட்டை எட்டிவிடுகிறது. இதற்கு மாறாக, 'என் பிறந்தநாளில் பிறந்த ஒருவர்' என்று குறிப்பாகத் தேடினால், பாதி வாய்ப்பு கிடைக்கவே 253 பேர் தேவைப்படுவார்கள். இரண்டு கேள்விகளும் காதுக்கு ஒன்றுபோல ஒலிக்கின்றன. விடைகளுக்கு இடையே பதினொரு மடங்கு வேறுபாடு.

போர்மனையும் செர்னனையும் இந்தக் கணக்கில் வைத்துப் பாருங்கள். அப்போலோ திட்டத்தில் நிலவு வரை சென்றவர்கள் மொத்தம் 24 பேர். 24 பேரில் இருவருக்கு ஒரே பிறந்தநாள் இருப்பதற்கான வாய்ப்பு சுமார் 54 விழுக்காடு. அதாவது, அப்படி ஓர் இணை இருப்பதைவிட இல்லாமல் இருப்பதே சற்று அரிது. அந்த இணை சரியாக முதல் பயணத்தின் தலைவரும் கடைசியாக வெளியேறியவருமாக அமைந்ததில் மட்டும்தான் கொஞ்சம் அதிர்ஷ்டம் இருக்கிறது. அமெரிக்கக் குடியரசுத் தலைவர்களிலும் இதே நிலைதான்: ஜேம்ஸ் போல்க் 1795-இலும் வாரன் ஹார்டிங் 1865-இலும் நவம்பர் 2 அன்று பிறந்தவர்கள். நாற்பதுக்கு மேற்பட்டவர்கள் இருக்கும் பட்டியலில் அப்படி ஓர் இணை இல்லாமல் இருந்தால்தான் கேள்வி கேட்க வேண்டும்.

ஐன்ஸ்டைன், ஹாக்கிங் பொருத்தம் இதைவிடவும் எளிதாகக் கிடைக்கக்கூடியது. பிறப்போடு பிறப்பைப் பொருத்துவதற்குப் பதிலாக, ஒருவர் பிறப்பை இன்னொருவர் இறப்போடு பொருத்தவும் நாம் தயாராகிவிட்டோம். புகழ்பெற்ற இயற்பியலாளர் 30 பேரை எடுத்தால், பிறந்த தேதி, இறந்த தேதி என்று 60 தேதிகள் கைக்கு வருகின்றன. 60 தேதிகளில் எங்கேனும் இரண்டு ஒன்றுவதற்கான வாய்ப்பு 99 விழுக்காட்டைத் தாண்டுகிறது. போதாக்குறைக்கு, முந்நூறு ஆண்டு இடைவெளி போன்ற முழு எண்களையும் நாம் பொருத்தமாக ஏற்றுக்கொள்கிறோம். ஹாக்கிங் பிறந்தது 1942 ஜனவரி 8. கலிலியோ இறந்தது 1642 ஜனவரி 8. இந்தப் பொருத்தத்தைத் தம் வாழ்க்கைக் குறிப்பில் விரும்பிச் சொன்ன ஹாக்கிங்கே, அன்றைய தினம் உலகில் பிறந்த குழந்தைகள் ஏறக்குறைய இரண்டு லட்சம் இருக்கும் என்ற மதிப்பீட்டையும் கூடவே சேர்த்துவிட்டார். இந்தத் துறையில் அதைவிட நேர்மையான வாக்கியத்தை நான் பார்த்ததில்லை. இன்றைய உலக மக்கள்தொகையை 800 கோடி என்று வைத்து 365-ஆல் வகுத்தால், சராசரியாக ஒவ்வொரு தேதியையும் ஏறத்தாழ 2 கோடியே 19 லட்சம் பேர் தங்கள் பிறந்தநாள் என்று உரிமை கொண்டாடுகிறார்கள்.

தேதி மட்டுமன்றி ஆண்டும் ஒன்றாக அமைவது உண்டு. இசையமைப்பாளர் குவின்சி ஜோன்ஸ் சிகாகோவிலும் நடிகர் மைக்கேல் காயின் லண்டனிலும் 1933 மார்ச் 14 என்ற ஒரே நாளில் பிறந்தனர். காயின் நடித்த ஒரு படத்துக்கு 1969-இல் ஜோன்ஸ் இசையமைத்தார். இருவரும் நீண்டகால நண்பர்களாயினர். பிறந்தநாள் அவர்களைச் சேர்க்கவில்லை, வேலை சேர்த்தது. ஆனால் சேர்ந்த பிறகு, அந்த ஒற்றுமையை அவர்கள் வாழ்நாள் முழுதும் பேசி மகிழ்ந்தார்கள்.

அடுத்தது, நாள் பார்த்து வைத்தவை. இத்தாலியை ஒருங்கிணைத்த அரசர் இரண்டாம் விட்டோரியோ இமானுவேல் 1820 மார்ச் 14-இல் டூரினில் பிறந்தவர். அவருடைய மகன் முதலாம் உம்பர்த்தோவும் 1844-இல் அதே தேதியில் பிறந்தார். இது தற்செயல், அரண்மனைக்கு வசதியான தற்செயல். ஆனால் 1861-இல், இத்தாலியின் அரசர் என்ற பட்டத்தை விட்டோரியோ இமானுவேலுக்கு வழங்கும் சட்ட வரைவுக்கு டூரினில் கூடிய மக்கள் சபை ஒப்புதல் அளித்தது மார்ச் 14 அன்று, அரசரின் பிறந்தநாளில். அடுத்த கட்டம் இருண்டது. உம்பர்த்தோ 1900-இல் சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் நினைவாக ரோமின் பாந்தியன் ஆலயத்தில் நடக்கும் வழிபாட்டுக்கு 1912 மார்ச் 14 காலையில் மகன் மூன்றாம் விட்டோரியோ இமானுவேல் சென்றுகொண்டிருந்தபோது, அந்தோனியோ தால்பா என்ற இளைஞர் அவரை நோக்கிச் சுட்டார், அரசர் தப்பினார். 'வரலாற்றில் இன்று' பட்டியலில் இவை அடுத்தடுத்த வரிகளாக, ஒன்றோடொன்று தொடர்பில்லாதவைபோல நிற்கும். உண்மையில் 1844-இல் ஒரு குழந்தை பிறந்த தேதி, குடும்ப வழிபாட்டின் வழியாக, 1912-இல் அரசர் எந்தத் தெருவில் எந்த வேளையில் போவார் என்பதை முடிவு செய்தது. துப்பாக்கி வைத்திருந்தவருக்கு அது தெரிந்திருந்தது. ஒரு தேதி வரலாற்றில் காரணமாகச் செயல்படுவது இப்படித்தான்: கோள்களின் நிலையால் அல்ல, மனிதர் அந்தத் தேதியை முன்கூட்டியே அறிந்திருப்பதால்.

ஐன்ஸ்டைன் நாக்கை நீட்டிக்கொண்டிருக்கும் அந்தப் புகழ்பெற்ற படமும் இந்த வகையைச் சேர்ந்ததே. 1951 மார்ச் 14 அன்று பிரின்ஸ்டனில் அவருடைய 72-ஆவது பிறந்தநாள் விருந்து முடிந்து காரில் ஏறி அமர்ந்தவரை, சிரிக்கச் சொல்லி ஒளிப்படக்காரர்கள் விடாமல் மொய்த்தார்கள். சலித்துப்போன அவர் ஒரு கணம் நாக்கை நீட்டினார். ஆர்தர் சாஸ் என்பவர் அந்தக் கணத்தைப் பிடித்துவிட்டார். படம் ஐன்ஸ்டைனுக்கே பிடித்துப்போய், தமக்கெனப் பிரதிகள் கேட்டு வாங்கினார். படம் எடுத்த நாள் பிறந்தநாளோடு பொருந்துவதில் வியக்க ஒன்றுமில்லை. பிறந்தநாள் இல்லையென்றால் ஒளிப்படக்காரர்களே அங்கு வந்திருக்க மாட்டார்கள்.

நாளைத் தேர்ந்து வைப்பதன் உச்சம் பை நாள்; வட்டத்தின் சுற்றளவை விட்டத்தால் வகுத்தால் வரும் 3.14... என்ற எண்தான் பை. சான் பிரான்சிஸ்கோவில் உள்ள எக்ஸ்ப்ளோரட்டோரியம் என்ற அறிவியல் அருங்காட்சியகத்தில் பணியாற்றிய இயற்பியலாளர் லாரி ஷா 1988 மார்ச் 14 அன்று முதன்முதலில் அதைக் கொண்டாடினார். அமெரிக்கப் பிரதிநிதிகள் சபை 2009-இல் அதை ஆதரித்துத் தீர்மானம் நிறைவேற்றியது. 2019-இல் யுனெஸ்கோ மார்ச் 14-ஐப் பன்னாட்டுக் கணித நாளாக அறிவித்தது. பை நாள் பரவப் பரவக் கணிதச் செய்திகளும் இந்தத் தேதியை நோக்கி நகரத் தொடங்கிவிட்டன. 2019-இல் பையின் மதிப்பை 31.4 லட்சம் கோடி இலக்கங்கள் வரை கணித்ததாகக் கூகுள் பொறியாளர் எம்மா ஹருகா இவாவோ அறிவித்தது மார்ச் 14 அன்றுதான். கணக்கு ஜனவரியிலேயே முடிந்திருந்தது. நூறு ஆண்டு கழித்து இந்தப் பட்டியலைப் பார்க்கும் ஒருவர், மார்ச் 14-இல் கணிதம் ஏன் இவ்வளவு செழிக்கிறது என்று வியக்கக்கூடும். கூடைப்பந்து வீரர் ஸ்டீவன் கரி பிறந்ததும் அந்த முதல் பை நாளிலேயே, 1988 மார்ச் 14 அன்றே என்பது மட்டும் யாரும் திட்டமிட்டதல்ல.

பை நாள் இன்னொன்றையும் வெளிப்படுத்துகிறது. மாதத்தை முன்னும் நாளைப் பின்னும் எழுதும் அமெரிக்க வழக்கத்தில்தான் இந்தத் தேதி 3.14 ஆகிறது. நாளை முதலில் எழுதும் பெரும்பாலான நாடுகளில் அது 14.3. அந்த முறையில் 3.14 என்றால் பதினான்காம் மாதத்தின் மூன்றாம் நாள்; 31.4 என்று நகர்த்திப் பார்த்தாலும் ஏப்ரலுக்கு 31-ஆம் நாள் கிடையாது. அதனால் அவர்களில் சிலர் ஜூலை 22-ஐ, அதாவது 22/7 என்ற பழைய தோராயத்தைக் கொண்டாடுகிறார்கள். பள்ளிக் கணிதம் நினைவிருப்பவர்களுக்குத் தெரியும், 22/7 என்பது 3.14-ஐவிடப் பையின் உண்மை மதிப்புக்கு நெருக்கமானது.

தற்செயலுக்கும் தேர்வுக்கும் நடுவில் நிற்கும் நிகழ்வுகளும் உண்டு. இவற்றில் ஒன்று என்னை நெடுநேரம் நிறுத்தி வைத்தது. 1939 மார்ச் 14 அன்று, ஹிட்லரின் அழுத்தத்தின் கீழ், ஸ்லோவாக்கியா தனி நாடாக அறிவித்துக்கொண்டது. அன்றிரவே செக்கோஸ்லோவாக்கியக் குடியரசுத் தலைவர் எமில் ஹாஹா பெர்லினுக்கு வரவழைக்கப்பட்டார். மறுநாள் ஜெர்மன் படைகள் பிராகுக்குள் நுழைந்தன. அந்த மார்ச் 14-இல் ஐன்ஸ்டைனுக்கு 60 வயது நிறைந்தது. அவர் அப்போது பிரின்ஸ்டனில் இருந்தார். ஹிட்லர் ஆட்சிக்கு வந்த 1933-க்குப் பிறகு ஜெர்மனிக்கு அவர் திரும்பவே இல்லை. பிராகின் ஜெர்மன் பல்கலைக்கழகத்தில் 1911, 1912 ஆண்டுகளில் பேராசிரியராக இருந்தவர் அவர். பெர்லினில் யாரும் அவருடைய மணிவிழாவைப் பார்த்து நாள் குறிக்கவில்லை. தேதி ஒன்றியது தற்செயலே. ஆனால் அந்த நகரமும் அந்த மனிதரும் ஒரே கையால் பாதிக்கப்பட்டது தற்செயல் அல்ல. தேதி இங்கே செய்தது, ஏற்கெனவே இருந்த ஒரு தொடர்பை நம் கண்ணில் படச் செய்ததுதான்.

இனி, தேதியே நிலையில்லாத இடங்களுக்கு வருவோம். இசையமைப்பாளர் கியார்க் பிலிப் டெலிமான் 1681 மார்ச் 14-இல் மக்டபர்க் நகரில் பிறந்தார் என்று சில நூல்கள் சொல்லும். மார்ச் 24 என்று வேறு சில சொல்லும். இரண்டும் சரி. 365 நாளும் கால் நாளும் கொண்டது ஆண்டு என்று வைத்துக்கொண்ட ஜூலியன் நாட்காட்டி, சூரிய ஆண்டைவிட ஏறத்தாழ பதினொரு நிமிடம் நீளமானது; பதினாறாம் நூற்றாண்டுக்குள் அந்தப் பிழை வளர்ந்து, மார்ச் 21-ஐ ஒட்டி வர வேண்டிய சம இரவு நாள் மார்ச் 11-ஐ ஒட்டி வரத் தொடங்கியிருந்தது. போப் பதின்மூன்றாம் கிரிகோரி 1582-இல் அக்டோபர் 4-க்கு அடுத்த நாளை அக்டோபர் 15 ஆக்கி அதைத் திருத்தினார். கத்தோலிக்க நாடுகள் விரைவில் ஏற்றுக்கொண்டன. புராட்டஸ்டண்ட் ஜெர்மன் பகுதிகள் 1700 வரையும், இங்கிலாந்து 1752 வரையும், ரஷ்யா 1918 வரையும் இழுத்தடித்தன. ஆகவே டெலிமானின் தாய்க்கு அது மார்ச் 14. அதே நாளில் பாரிஸில் இருந்தவர்களுக்கு மார்ச் 24.

ரஷ்யாவில் இதற்கு நேர்மாறு. படைவீரர்கள் தங்கள் பிரிவுகளில் குழுக்களைத் தேர்ந்தெடுத்துக்கொள்ள வேண்டும் என்று பெத்ரோகிராத் சோவியத் பிறப்பித்த முதலாம் ஆணை, இன்றைய கணக்கில் 1917 மார்ச் 14-க்கு உரியது. ஆணையின் தாளிலோ மார்ச் 1 என்றுதான் இருக்கிறது. அதே ஆண்டின் அக்டோபர் புரட்சி நவம்பரில் கொண்டாடப்படுவதும் இதனால்தான். இங்கிலாந்தில் குழப்பம் இன்னும் ஆழமானது: 1752-க்கு முன்பு அங்கே சட்டப்படி ஆண்டு தொடங்கியது மார்ச் 25-இல். எனவே பழைய ஆங்கில ஆவணம் ஒன்றில் மார்ச் 14 என்று இருந்தால், பத்து, பதினொரு நாள் திருத்தம் மட்டும் போதாது. ஆண்டையும் ஒன்று கூட்டியாக வேண்டும். ஜார்ஜ் வாஷிங்டன் பிறந்தபோது 1731 பிப்ரவரி 11 என்று கணக்கிடப்பட்ட நாள் இன்று 1732 பிப்ரவரி 22 ஆகியிருப்பது இரண்டு திருத்தங்களும் சேர்ந்ததன் விளைவு.

கடிகாரத்தின் குறும்பு இதைவிட நுட்பமானது. ஐரோப்பிய விண்வெளி முகமையின் ஜியோட்டோ விண்கலம் ஹாலி வால்நட்சத்திரத்தின் மையக்கருவுக்கு 596 கிலோமீட்டர் தொலைவு வரை நெருங்கியது. வால்நட்சத்திரங்களுக்கும் எரிகல் மழைக்கும் உள்ள உறவை நிறுவியவர் மார்ச் 14-இல் பிறந்த ஷியாபரெல்லி. ஜியோட்டோ நெருங்கியதும் 1986 மார்ச் 14. பட்டியலுக்கு இதைவிட இனிய பொருத்தம் கிடைக்காது. ஆனால் அந்த நெருக்கம் நிகழ்ந்தது உலகப் பொது நேரப்படி நள்ளிரவு தாண்டி மூன்று நிமிடத்தில். அமெரிக்கக் கண்டம் முழுவதிலும் அப்போது மார்ச் 13. அதுபோலவே, ஹாக்கிங் கேம்பிரிட்ஜில் அதிகாலையில் இறந்தபோது, பை நாள் பிறந்த சான் பிரான்சிஸ்கோவில் இன்னும் மார்ச் 13 மாலைதான். செய்தி அங்கே சென்று சேர்ந்தது பை நாளுக்கு முந்தைய இரவில்.

நாள் நள்ளிரவில்தான் மாற வேண்டும் என்ற விதியும் இயற்கை தந்ததல்ல. யூத, இஸ்லாமிய மரபுகளில் சூரியன் மறையும்போதே அடுத்த நாள் தொடங்கிவிடுகிறது. வானியலாளர்கள் 1924-ஆம் ஆண்டின் இறுதி வரை நண்பகலில் நாளைத் தொடங்கினார்கள். ஓர் இரவு முழுதும் செய்யும் நோக்கீடுகள் இரண்டு தேதிகளாக உடையாமல் இருக்க அது வசதி. அந்தக் கணக்கை உல்ம் நகரப் பதிவேட்டின் மீது வைத்துப் பார்த்தேன். முற்பகல் பதினொன்றரை என்பது நண்பகலுக்கு அரை மணி நேரம் முன்பு. அக்கால வானியலாளர் ஒருவர் தம் குறிப்பேட்டில் எழுதியிருந்தால், ஐன்ஸ்டைன் பிறந்தது மார்ச் 13, 23 மணி 30 நிமிடம் என்றுதான் எழுதியிருப்பார். பிற்பகலில் இறந்த மார்க்ஸ் மட்டும் மார்ச் 14-இலேயே நின்றிருப்பார். உலகின் புகழ்பெற்ற இயற்பியலாளரின் பிறந்தநாள், அவர் காலத்து வானியலாளர்களின் நாட்கணக்கில் பை நாளைத் தவறவிட்டுவிடுகிறது.

இந்தக் கணக்கையெல்லாம் போட முடிவதற்கே ஒரு பதிவேடு இருந்தாக வேண்டும். ஜெர்மானியப் பேரரசு முழுவதும் பிறப்புகளை அரசுப் பதிவாளரிடம் பதிய வேண்டும் என்ற சட்டம் நடைமுறைக்கு வந்தது 1876-இல். ஐன்ஸ்டைன் பிறப்பதற்கு மூன்று ஆண்டுகள் முன்பு. அதற்கு முந்தைய பலருக்கு நம்மிடம் இருப்பது ஞானஸ்நானத் தேதி மட்டுமே. பீத்தோவன் 1770 டிசம்பர் 17-இல் ஞானஸ்நானம் பெற்றார், முந்தைய நாள் பிறந்திருக்கலாம் என்று கொள்கிறோம். ஷேக்ஸ்பியருக்கு 1564 ஏப்ரல் 26 என்ற ஞானஸ்நானத் தேதி இருக்கிறது. ஏப்ரல் 23 என்று கொண்டாடப்படும் பிறந்தநாள் ஊகம். தேதி எழுதிவைக்கப்படாத கோடிக்கணக்கானோர் எந்தப் பட்டியலுக்கும் வருவதில்லை. நிகழ்வுகளிலும் இதே சாய்வுதான். பஞ்சிலிருந்து விதையைப் பிரிக்கும் இயந்திரத்துக்கு எலி விட்னி காப்புரிமை பெற்றது 1794 மார்ச் 14. அவர் அதை உருவாக்கியதோ முந்தைய ஆண்டில், எந்த நாள் என்று சுட்ட முடியாத ஒரு தொடர் உழைப்பில். நமக்குக் கிடைப்பது கையெழுத்திட்ட நாள். புகுஷிமா அணுமின் நிலையத்தின் மூன்றாம் உலைக் கட்டடம் 2011 மார்ச் 14 முற்பகல் 11:01-க்கு வெடித்தது. ஆனால் அந்தப் பேரிடர் மார்ச் 11-இல் தொடங்கி, இன்றும் துப்புரவுப் பணியாகத் தொடர்ந்துகொண்டிருக்கிறது. அதை ஒரு தேதிக்குள் அடைப்பது பட்டியலின் தேவையே தவிர நிகழ்வின் இயல்பு அல்ல. இந்தியாவின் முதல் பேசும் படமான ஆலம் ஆரா 1931 மார்ச் 14 அன்று பம்பாயின் மெஜஸ்டிக் திரையரங்கில் வெளியானது. இதற்கு மாறாக, இதன் தேதி துல்லியமாக இருக்கிறது, படத்தின் பிரதிதான் ஒன்றுகூட மிஞ்சவில்லை.

ஹாக்கிங்கின் சாம்பல் 2018 ஜூன் 15 அன்று லண்டனின் வெஸ்ட்மின்ஸ்டர் தேவாலயத்தில், நியூட்டனுக்கும் டார்வினுக்கும் அருகே அடக்கம் செய்யப்பட்டது. அங்குள்ள நியூட்டன் நினைவுச் சின்னத்தில் அவர் 1642 டிசம்பர் 25-இல் பிறந்து 1726 மார்ச் 20-இல் இறந்ததாக லத்தீனில் பொறித்திருக்கிறார்கள். இன்றைய நாட்காட்டியில் அவர் பிறந்தது 1643 ஜனவரி 4, இறந்தது 1727 மார்ச் 31. கலிலியோ மறைந்த ஆண்டிலேயே நியூட்டன் பிறந்தார் என்று பலமுறை சொல்லப்படும் பொருத்தம், ஒருவர் தேதியை ஒரு நாட்காட்டியிலும் மற்றவர் தேதியை வேறு நாட்காட்டியிலும் படிப்பதால் மட்டுமே நிற்கிறது. சில அடிகள் தள்ளித் தரையில் பதித்திருக்கும் ஹாக்கிங்கின் கல்லில், கருந்துளையின் வெப்பநிலையைத் தரும் அவருடைய சமன்பாட்டின் அருகே 1942, 2018 என்ற இரண்டு ஆண்டுகள் மட்டும் இருக்கின்றன. ஜனவரி 8-உம் இல்லை, மார்ச் 14-உம் இல்லை.